கல்யாண வயசு: எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி பக்கம் ஒரு சின்ன ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஜெராக்ஸ், அப்புறம் கல்யாணப் பதிவுக்கு ஆன்லைனில் விவரம் ஏற்றுவது, இதுதான் நாள் முழுக்க வேலை. தை பிறந்துவிட்டால் ஒன்று, வைகாசி ஆவணியில் ஒன்று என்று கல்யாண சீசனில் கூட்டம் நெரியும். அப்போதெல்லாம் வயதைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டியதால் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், அந்த நோட்டுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சட்டப்படி பொண்ணுக்கு எத்தனை, பையனுக்கு எத்தனைங்க?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இரண்டும் முடிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வயது முடியாத பெண்ணையும் பையனையும் அந்தச் சட்டம் குழந்தை என்றுதான் சொல்கிறது. இருவரில் ஒருவர் குழந்தையாக இருந்தாலும் அது குழந்தைத் திருமணம்தான்.

பொண்ணுக்குப் பதினெட்டு நடக்குது. தாராளமா வெச்சுக்கலாம் இல்ல?

கூடாது. பத்தில் ஆறு பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நாம் பேச்சில் "பதினெட்டு நடக்குது" என்றால் பதினேழு முடிந்து பதினெட்டாவது வருடத்துக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். சட்டம் கேட்பது முடிந்த வயதை. 2008 ஜூன் 10 அன்று பிறந்த பெண்ணுக்கு 2026 ஜூன் 10 அன்று, அந்த நாள் தொடங்கும்போதே 18 முடிந்துவிடுகிறது. ஜூன் 9 அன்று தாலி கட்டினால் அது குழந்தைத் திருமணம். ஒரு நாள்தானே என்று கேட்டால், ஆமாம், அந்த ஒரு நாளுக்கும் சட்டம் ஒன்றுதான்.

பையனுக்கும் இதே கணக்கு. "இருபத்தொண்ணு நடக்குது" என்றால் அவனுக்கு இருபதுதான் முடிந்திருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பிறந்த தேதியையும் முகூர்த்தத் தேதியையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிக் கழித்துப் பாருங்கள். வயதை வாயில் சொல்லாமல் தேதியாக எழுதினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆதார்ல ஒரு தேதி, டிசில ஒரு தேதி, ஜாதகத்துல ஒரு தேதி இருக்கு. எதை எடுத்துப்பாங்க?

ஜாதகத்தை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வயது பற்றித் தகராறு வந்தால் சிறார் நீதிச் சட்டம் ஒரு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. அது இல்லாவிட்டால் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியைப் படமெடுத்துப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை, அதில் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும் என்பதால் அது கடைசி வழி.

ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. பிறந்த தேதிக்கு ஆதார் சரியான சான்று ஆகாது, பள்ளிச் சான்றைத்தான் பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் பழைய பள்ளிச் சான்றுகளில் மே மாதமும் ஜூன் மாதமும் நிறைய இருக்கும், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அன்றைக்கு வயது சரியாக வர வேண்டும் என்று வாத்தியார் போட்ட தேதி அது. உண்மையில் கார்த்திகையில் பிறந்தவளாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தத் தேதியை முறைப்படி மாற்றாத வரை காகிதத்தில் அதுதான் அவள் பிறந்தநாள்.

ஆதார்ல வருசத்தை மட்டும் மாத்திக் குடுங்க பாப்பா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்.

என்னால் முடியாது. என் கடையில் ஆதார் திருத்தமே கிடையாது, இருந்தாலும் செய்ய மாட்டேன். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள், அதற்கும் சான்று கேட்பார்கள். அப்படியே யாரையோ பிடித்து மாற்றினாலும், மேலே சொன்ன மாதிரி, பள்ளியில் இருக்கும் தேதி பள்ளியில் அப்படியேதான் இருக்கும்.

இதைக் கேட்டு வந்த ஒரு அப்பாவை என்னால் மறக்க முடியவில்லை. மஞ்சப்பையிலிருந்து லேமினேட் செய்த ஆதாரை எடுத்து மேசையில் வைத்தார், கூடவே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகத் தாள் ஒன்றும் வந்து விழுந்தது. மகள் பிரின்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்கூல் சுடிதார், துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "மார்க் எவ்வளவு கண்ணு?" என்று கேட்டேன், "நானூத்திப் பன்னெண்டு" என்றாள், அவ்வளவுதான் பேசினாள். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கு அந்த 412தான் காரணம். அவளைப் பற்றி மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

குரு பலன் இந்த வருசம்தான் இருக்கு. விட்டா அஞ்சு வருசத்துக்கு இல்லைன்னு ஜோசியர் சொல்லிட்டார். என்ன பண்றது?

நானும் ஜாதகம் பார்க்கிற வீட்டில் பிறந்தவள்தான், அதனால் ஜோசியக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறார். பெண்ணின் ராசிக்கு 2, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் குரு வரும்போது குரு பலன் என்கிறார்கள். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 2க்கும் 5க்கும் நடுவில் 3, 4 என்று இரண்டு வருடம். 11க்கும் அடுத்த 2க்கும் நடுவில் 12, 1 என்று இரண்டு வருடம். மற்ற இடங்களில் நடுவில் ஒரே வருடம்தான். எந்த ராசிக்காரருக்கும் தொடர்ந்து ஐந்து வருடம் குரு பலன் இல்லாமல் போகவே வழியில்லை.

ஆகவே 16 வயதுப் பெண்ணுக்கு "இப்ப விட்டா அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், அவரிடமே இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாணம் இல்லீங்க, சும்மா நிச்சயம் மட்டும்தான். அதுக்கும் தடை இருக்கா?

2006 சட்டத்தில் நிச்சயதார்த்தத்துக்கு என்று தனியாகத் தண்டனை இல்லை. இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபர் 18 தீர்ப்பில் சுட்டிக்காட்டி, குழந்தைகளுக்கு நிச்சயம் செய்வதையும் தடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் நிச்சயம் நடந்தது தெரிந்தாலே, குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று காட்டி நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்க முடியும். அந்த உத்தரவை மீறி நடக்கும் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

நான் பார்த்த வரை நிச்சயம் ஆன அன்றிலிருந்தே அந்தப் பெண்ணின் படிப்பு பாதியாகிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து புதுசாக ஒரு போன் வருகிறது, "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு எதுக்கு பஸ்ல போகணும்" என்று ஒரு பேச்சு வருகிறது, அப்புறம் பன்னிரண்டாம் வகுப்புக்கு அவள் போவதே இல்லை.

எங்க மதத்துல வயசுக்கு வந்துட்டாலே போதும். எங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

இது கொஞ்சம் சிக்கலான இடம். முஸ்லிம் தனிச் சட்டத்தில் பருவமடைந்தால் மணம் செய்யலாம், 15 வயதில் பருவமடைந்ததாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. தனிச் சட்டமா, 2006 சட்டமா, எது மேலே என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறு வேறு மாதிரி தீர்ப்பளித்திருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015இல் இந்தத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது, அதிகாரிகளும் எந்த மதம் என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

இது ஏதோ ஒரு மதத்தின் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்து நின்றுபோன கல்யாணங்களில் பெரும்பாலானவை மாரியம்மன் கோயிலில் வைத்து அவசர அவசரமாகச் செய்யவிருந்தவை.

பொண்ணே சரின்னு சொல்லிட்டாளே, அப்புறம் என்ன?

சட்டத்தில் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை. 18 முடியாதவர் ஒரு செல்போன் கடன் பத்திரத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. அம்மா பக்கத்தில் அழுதுகொண்டு நிற்க, பாட்டி "நான் கண்ணை மூடறதுக்குள்ள பாத்துடணும்" என்று சொல்ல, பதினாறு வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள்?

வயசுப் பொண்ணை வீட்டுல வெச்சிருக்க பயமா இருக்குங்க. எவன்கூடயாவது போயிட்டா மானம் போயிடுமே. நீங்க வந்து காப்பாத்துவீங்களா?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்கிறவர்களும் உண்டு, கண் கலங்கிக் கேட்கிறவர்களும் உண்டு. பெங்களூரு, திருப்பூர் என்று கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்விட்டு மாதம் ஒரு முறை வரும் அப்பா அம்மாவுக்கு, பாட்டியிடம் விட்டுவந்த மகளைப் பற்றிய பயம் நிஜமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மலைக் கிராமங்களில் பள்ளி தூரம், பஸ் கிடையாது, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றால் அடுத்த பேச்சே மாப்பிள்ளைதான். இதைப் புரியாமல் சட்டத்தை மட்டும் படித்துக் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: பயம் தூரத்தைப் பற்றி என்றால் தூரத்துக்கு வழி பாருங்கள். கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்று படிப்பை விட்ட பெண்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, அரசு மாணவியர் விடுதிகள் இருக்கின்றன, இலவச பஸ் பாஸ் இருக்கிறது. காதல்தான் பயம் என்றால், பதினாறில் கல்யாணம் செய்துவைப்பது அதற்கு மருந்து ஆகாது. ஏன் என்றால் அவள் போகிற இடத்தில் இருப்பவன் 27 வயது ஆள், அவளுக்கு அவனைத் தெரியாது, அங்கே அவள் தனியாக இருப்பாள். தெரியாத ஒருவனோடு போய்விடுவாளோ என்று பயந்துதான் தெரியாத ஒருவனிடம் அனுப்புகிறோம்.

கல்யாணம் முடிஞ்சே போச்சு. இப்ப அது செல்லுமா, செல்லாதா?

தமிழ்நாட்டில் பொதுவாக, குழந்தைத் திருமணம் தானாகவே செல்லாமல் போவதில்லை. குழந்தையாக இருந்தவர் கேட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்யும். அவர் மேஜராகி இரண்டு வருடம் முடிவதற்குள் மனு போட வேண்டும், அதாவது பெண் 20 வயது முடிவதற்குள். மேஜராவதற்கு முன்பே போட வேண்டுமென்றால் பாதுகாவலர் அல்லது நெருங்கியவர் ஒருவர், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடலாம். ரத்தானால் இரண்டு பக்கமும் கொடுத்த நகை, பணம், பொருளைத் திருப்பித் தர உத்தரவாகும், அவள் மறுமணம் செய்யும் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். குழந்தை பிறந்திருந்தால் அது சட்டப்படியான வாரிசுதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

கடத்தியோ, ஏமாற்றியோ, பலவந்தப்படுத்தியோ, விற்றோ நடத்திய கல்யாணம் என்றால் ரத்து செய்யவே தேவையில்லை, அது முதலிலிருந்தே செல்லாது. இன்னொன்று, ஓசூர், அஞ்செட்டி பக்கம் இருப்பவர்கள் எல்லை தாண்டிப் போய்க் கட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். கர்நாடகத்தில் சட்டத்தைத் திருத்தி, குழந்தைத் திருமணம் எதுவுமே செல்லாது என்று வைத்துவிட்டார்கள். அங்கே இன்னும் கடுமை.

கேஸ் ஆனா யாரைப் பிடிப்பாங்க?

18 வயதுக்கு மேற்பட்ட மாப்பிள்ளை, நடத்திவைத்தவர்கள், ஏற்பாடு செய்தவர்கள், தெரிந்தும் தடுக்காத பெற்றோர். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் வந்தால் போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. தெரிந்தும் தடுக்காத அம்மா மாதிரியான பெண்களுக்கு இந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனை மட்டும் கிடையாது, அபராதம் உண்டு.

இதோடு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் சேரும், உண்மையில் மாப்பிள்ளைக்குப் பெரிய அடி அதுதான். 18 முடியாத மனைவியோடு உறவு கொண்டாலும் அது பாலியல் வன்கொடுமை என்று 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாலி கட்டியிருக்கிறேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஐயர், மண்டபக்காரர், பத்திரிகை அடிப்பவர் எல்லாரும் இப்போது வயதுச் சான்று கேட்பதற்குக் காரணமும் இந்தப் பயம்தான், அறநிலையத் துறைக் கோயில்களில் சான்று இல்லாமல் தேதியே தர மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுல நடக்கப்போகுது. நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஊர்ல இருக்க முடியாது. யார்கிட்ட சொல்றது?

1098. குழந்தைகளுக்கான இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் வெளியே விட மாட்டார்கள். பெண்ணின் பெயர், ஊர், படித்த பள்ளி, முகூர்த்தத் தேதி, இடம், இவ்வளவு தெரிந்தால் போதும். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவருக்குத் தகவல் போய்விடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் சொல்லாதீர்கள். பந்தல் போட்டு, சாப்பாடு வெந்து, சொந்தபந்தம் வந்து உட்கார்ந்த பின்னால் நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்குக் கடன் மட்டும் மிஞ்சும், கோபம் முழுக்க அந்தப் பெண் மேல் திரும்பும். பத்திரிகை அடிக்கும்போதே சொன்னால் பேசிப் புரியவைக்க நேரம் இருக்கும்.

பதினேழு வயசுல மாசமா இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமா?

தகவல் போகும். போக்சோ சட்டப்படி மருத்துவமனை சொல்லியே ஆக வேண்டும், கர்ப்பிணிப் பதிவில் வயதைப் போட்டாலே தெரிந்துவிடும். ஆனாலும் போயே ஆக வேண்டும். பதினாறு பதினேழு வயதில் ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, வலிப்பு, குறைமாதப் பிரசவம் எல்லாம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். கேசுக்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து உயிரை விட்டுவிடாதீர்கள். போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று அப்புறம் பார்க்கலாம், சிகிச்சை தர மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், 18 முடிந்த அன்றே கட்டிவைத்தவர்கள் இதைத் தெரியாமல் வந்து ஏமாந்து போகிறார்கள்.

கல்யாணம் ஆனப்ப பதினேழு. இப்ப பத்தொம்பது. பதிவு பண்ணிக்கலாமா? தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள். படிவத்தில் கல்யாணம் நடந்த தேதி, இடம், அப்போதைய வயது எல்லாம் கேட்பார்கள். அந்தத் தேதியில் வயது குறைவு என்றால் பதிவு செய்ய மாட்டார்கள்.

தேதியைத் தள்ளிப் போடுவது பொய்த் தகவல், அது தனிக் குற்றம். பத்திரிகையில் ஒரு தேதி, படிவத்தில் ஒரு தேதி இருந்தால் நாளைக்குச் சொத்து, விதவை உதவித்தொகை, விவாகரத்து என்று எது வந்தாலும் அவளுக்குத்தான் பாதகம். இந்த நிலையில் இருப்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள், பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். என்னை மாதிரி கடைக்காரரிடம் கேட்டுப் படிவம் நிரப்புகிற காரியம் இல்லை இது.

பொண்ணுக்கு 19, பையனுக்கு 20. ரெண்டு பேரும் ஆசைப்பட்டுப் பண்ணிக்கிட்டா?

இதுவும் குழந்தைத் திருமணம்தான், குழந்தை பையன். பதிவாகாது. ஆனால் தண்டனை விஷயத்தில் வித்தியாசம் இருக்கிறது. 18க்கும் 21க்கும் நடுவில் இருக்கும் பையன் மேஜரான பெண்ணைக் கட்டினால், குழந்தையை மணந்த ஆணுக்கான தண்டனை அவனுக்குப் பொருந்தாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெண்ணையும் அந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது. இருவரும் 18 முடித்தவர்கள் என்பதால், மாப்பிள்ளைக்கு 21 ஆகவில்லை என்றாலும் சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2018இல் கேரள வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது.

இப்படி வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, எட்டு மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருந்து முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையில் சான்றிதழ் இருந்தால் மிரட்டுகிற சொந்தக்காரர்களிடம் பேச உங்களுக்குப் பலம் இருக்கும்.

பையனுக்கு மட்டும் ஏன் 21? ரெண்டு பேருக்கும் ஒரே வயசு வெக்கக் கூடாதா?

1929இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க சார்தா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. 1949இல் பெண்ணுக்கு 15 ஆனது. 1978இல்தான் 18, 21 என்று மாறியது. மாப்பிள்ளை மூத்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கம் அப்படியே சட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது, எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. சட்ட ஆணையம் 2008 அறிக்கையில் இருவருக்கும் 18 வைக்கச் சொன்னது. ஓட்டுப் போட 18 போதும் என்றால் கல்யாணத்துக்கு மட்டும் ஆணுக்கு ஏன் தனிக் கணக்கு என்று கேட்பது நியாயம்தான்.

பொண்ணுங்களுக்கும் 21 ஆக்கிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

ஆக்கவில்லை. 2021 டிசம்பர் 21 அன்று மக்களவையில் அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிலைக்குழுவுக்குப் போனது. 2024இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. இன்றைக்கும் 18தான். அந்த 2021 டிசம்பரில் "சட்டம் வந்துட்டா அப்புறம் முடியாது" என்று பயந்து அவசரமாகக் கல்யாணம் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கண்ணகிக்கே பன்னெண்டு வயசுதானே? அந்தக் காலத்துல எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க?

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16, சரிதான். அவள் நல்லாத்தான் இருந்தாளா என்பதை அந்தக் கதையே சொல்லும்.

நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் ஒருவரைச் சொல்கிறேன். கணித மேதை ராமானுஜனுக்கு 1909இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 21, ஜானகி அம்மாளுக்கு 10. 1914இல் அவர் இங்கிலாந்து போனார், 1919இல் உடல் நலிந்து திரும்பி வந்தார், 1920இல் 32 வயதில் இறந்தார். ஜானகிக்கு அப்போது 21. தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, 1994 வரை இருந்தார். எழுபத்து நாலு வருடம். நமது பாட்டிகளில் எத்தனை பேர் பதினான்கில் கட்டிக்கொடுத்து இருபதில் மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நல்லாத்தான் இருந்தாங்க என்று சொல்வது பெரும்பாலும் தாத்தாக்கள்தான்.

மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் எத்தனை வயசு வித்தியாசம் இருக்கலாம்? அக்கா மகளைக் கட்டலாமா?

வித்தியாசத்துக்குச் சட்டத்தில் கணக்கே இல்லை. பெண் மூத்தவளாக இருந்தாலும் தடையில்லை. தாய்மாமன் கல்யாணம் நம் பக்கம் வழக்கம் என்பதால் சட்டம் அந்த வழக்கத்தை ஒப்புக்கொள்கிறது, ஆனால் வயதில் சலுகை கிடையாது. நான் கவனித்தது என்னவென்றால், பதினேழுக்குக் கீழே நடக்கும் கல்யாணங்களில் மாப்பிள்ளை அடிக்கடி சொந்தத் தாய்மாமன்தான். மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டுவந்த அன்றே பேச்சு முடிந்துவிடும், "வெளியாளா என்ன" என்று ஒரு வார்த்தையில் வயதும் படிப்பும் காணாமல் போகும். நெருங்கிய ரத்த உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வர வாய்ப்பு கூடுதல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 34 ஆச்சு, பொண்ணே கிடைக்கல. உங்க சட்டத்தால பொண்ணுங்க எல்லாம் படிக்கப் போயிடறாங்க.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. எங்கள் கடையிலேயே முப்பது தாண்டிய பையன்களின் ஜாதகம்தான் நிறைய ஜெராக்ஸ் ஆகிறது. ஆனால் காரணம் படிப்பு மட்டும் என்று சொல்லாதீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் சேலத்தில் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறையில் பிறக்க விடாத பெண்களும், பிறந்தும் வாழ விடாத பெண்களும் இன்றைக்கு முப்பதுகளில் இருந்திருப்பார்கள், உங்கள் மகனுக்கு ஜோடியான வயதில். அந்தக் குறையைப் பதினாறு வயதுப் பிள்ளையைக் கொண்டு நிரப்ப முடியாது. சாதி, நிலம், அரசு வேலை என்று வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்றிரண்டைத் தளர்த்திப் பாருங்கள், கணவனை இழந்த பெண்ணும் பெண்தான்.

தாலிக்குத் தங்கம் இன்னும் குடுக்கறாங்களா?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம் அது. அப்போது எட்டாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். பின்னால் பத்தாம் வகுப்பு படித்தவளுக்கு 25,000, பட்டம் பெற்றவளுக்கு 50,000, கூடத் தாலிக்குத் தங்கம் என்று வளர்ந்தது. 18 முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காகவே கல்யாணத்தைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு. 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றிவிட்டார்கள், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் படிப்புக்குப் போகிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது, இருந்தாலும் கல்லூரியே இல்லாத மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டும் கிடைக்காமல் போகிறதே என்ற வருத்தமும் உண்டு.

வெளிநாட்டுல இருக்கற சொந்தத்துக்குக் குடுக்கறோம். அங்க வயசு எப்படி?

இலங்கையில் பொதுச் சட்டப்படி இருவருக்கும் 18, முஸ்லிம் சட்டத்தில் மட்டும் வேறு ஏற்பாடு. சிங்கப்பூரில் 21க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். இங்கிலாந்தில் முன்பு 16இல் பெற்றோர் சம்மதத்தோடு முடியும், 2023 பிப்ரவரி முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. எங்கே கொடுத்தாலும் பெண்ணின் விசா பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான்.

கல்யாணத்தை நிறுத்திட்டுப் போயிடறாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆவா?

பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கூட்டிப்போவார்கள், பெற்றோரிடம் 18 முடியும் வரை கட்டிவைக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள், வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் காப்பகத்தில் வைப்பார்கள். அதன் பிறகு யாராவது தொடர்ந்து போய்ப் பார்க்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் கட்டிவைத்த கதையும் எனக்குத் தெரியும். டீச்சரோ, அங்கன்வாடி அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ மாதம் ஒரு முறை "பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், வீட்டில் துணிய மாட்டார்கள்.

அந்த 412 மார்க் பெண்ணின் கல்யாணம் நின்றது. யார் சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம். அவள் அப்பா இரண்டு வருடம் என் கடைப் பக்கமே வரவில்லை, எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன ஜூனில் ஒரு நாள் காலை கடையைத் திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தார், அதே மஞ்சப்பை, பக்கத்தில் அவள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். குடும்பத்தில் இதற்கு முன் யாராவது டிகிரி படித்திருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு இடம் வரும். நான் வாய்விட்டுப் படித்தேன். "யாரும் இல்லீங்க," என்று அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்.